புட்டிப்பால் எப்போது? தராசைக் கேளுங்கள்!

பிள்ளை பிறந்த வீட்டில் மூன்றாம் நாள் வந்தால் போதும், "பால் பத்தலை, புள்ள எளைச்சுப் போச்சு, பவுடர் பால் வாங்கிட்டு வாங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பெற்றவள் முகம் வாடிவிடும். இன்னொரு பக்கம், பிள்ளை சோர்ந்து கிடக்கும்போதும் "தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு கூடாது" என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்புதான் சகோதரிகளே!

பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைவது இயற்கை. உடம்பிலுள்ள கூடுதல் நீரும், கறுப்பு மலமும் வெளியேறுகிறது. 3 கிலோ பிள்ளை 200 கிராம் வரை குறைந்தால் பதற வேண்டாம். பால் நன்றாக ஊற மூன்று, நாலு நாள் ஆகும். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். அதுவரை வரும் சீம்பால் கொஞ்சம்தான். பிள்ளை வயிறும் சின்னதுதானே! 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிடும்.

ஆனால் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோ பிள்ளைக்கு 300 கிராம் குறைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். தராசு இல்லாத வீட்டில் ஈரத் துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும், மலம் மஞ்சளாக வேண்டும். பிள்ளை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடம்பு மஞ்சளித்தாலோ எடையே பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். "அழாம சமத்தா தூங்குது" என்று இருந்துவிடாதீர்கள்.

என் நாத்தனார் மகளுக்கு சிசேரியன். 2 கிலோ 900 கிராம் இருந்த பிள்ளை நாலாம் நாள் 2 கிலோ 580 ஆகிவிட்டது. டாக்டர் முதலில் பிள்ளை மார்பைக் கவ்வும் விதத்தைப் பார்த்தார். காம்பை மட்டும் சப்பிக்கொண்டிருந்ததாம்! கறுவளையமும் வாய்க்குள் போகும்படி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் அவள் பாலையே பீய்ச்சிச் சங்கில் புகட்டச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் பழைய எடை வந்துவிட்டது. பவுடர் டப்பா வாங்கவே இல்லை.

முதலில் பீய்ச்சிய தாய்ப்பால்; அது போதாவிட்டால், கிடைக்கிற இடத்தில் தாய்ப்பால் வங்கிப் பால்; அதுவும் இல்லையென்றால் டாக்டர் சொல்லும் பவுடர் பால், அவர் சொன்ன அளவில். அப்படிக் கொடுப்பது ஒன்றும் பாவமில்லை. ஆனால் மார்பில் ஊட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சர்க்கரைத் தண்ணீர், தேன், மாட்டுப்பால் வேண்டவே வேண்டாம். சங்கையும் பாலாடையையும் ஒவ்வொரு தடவையும் கழுவி, கொதிக்க வைத்து எடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பிறந்த எடை, அன்றைய எடை இரண்டையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டொரு நாளில் மறுபடி எடை போடுங்கள். "பால் பத்தலை" என்று யாராவது சொன்னால், அந்தச் சீட்டை நீட்டுங்கள்!

- ஒரு வாசகி, கும்பகோணம்