உங்களுக்குத் தெரியுமா? உறைநிலையில் காத்திருக்கும் சுண்டெலிகள்
மரபணு மாற்றப்பட்ட சுண்டெலி வகைகளைப் பல நாட்டுக் காப்பகங்கள் பகிர்ந்து பேணுகின்றன. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம், ஐரோப்பாவின் எம்மா, ஜப்பானின் ரிக்கென் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எந்த வகை எங்கே கிடைக்கும் என்பதைச் சர்வதேசப் பொதுப் பட்டியல் ஒன்று காட்டுகிறது. எல்லாவற்றையும் உயிரோடு வளர்ப்பது கட்டுப்படியாகாது. எனவே பல வகைகளின் விந்தணுவோ கருவோ மெல்லிய குழல்களில் அடைக்கப்பட்டு, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனுக்குள் கிடக்கும். தேவைப்படும்போது உறைகருவை இளக்கி, வாடகைத் தாய் எலிக்குள் வைத்துக் குட்டிகளைப் பெறுவர்.

உறைய வைக்கும் நுட்பம் வருவதற்கு முன்பே பகிர்வின் அருமை புரிந்துவிட்டது. 1947 அக்டோபரில் காட்டுத்தீ ஜாக்சன் ஆய்வகத்தை அழித்தது; எலிகளில் பெரும்பகுதி மடிந்தது. முன்பு அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆய்வாளர்கள், அவற்றின் வழிவந்தவற்றைத் திருப்பி அனுப்பியதால்தான் பல வகைகள் மீண்டன.