மீன்போல் நெளியும் அம்பு

வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நேராகத்தான் போகிறதா?

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் வரிசை மாடங்களில் முப்புரம் எரித்த சிவன், வில்லேந்திய திரிபுராந்தகராகத் திரும்பத் திரும்ப நிற்கிறார். புராணத்தில் அவருக்கு ஒரே அம்பு போதும். மனிதர்களுக்கோ கொஞ்சம் சிக்கல்!

மர வில்லில் அம்பின் வழியை மறிப்பதே வில்லின் தண்டுதான். நாண் உந்தியதும் அம்பு வளைந்து, நெளிந்து, வாய்க்கால் மீன்போல அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த நெளிவு வில்லின் வலுவுக்குப் பொருந்த வேண்டும். அம்பை வில்லின் இடப்பக்கம் வைத்து எய்பவருக்கு, விறைப்பு மிஞ்சினால் அம்பு இடப்பக்கம் விலகும்; ரொம்பத் துவண்டால் வலப்பக்கம் ஓடும்.

வைத்தியம் எளிது. முனையைக் கனமாக்கினால் அம்பு கூடுதலாக நெளியும். கொஞ்சம் நறுக்கிக் குட்டையாக்கினால் விறைத்துக்கொள்ளும்.