7 டாலர் வேண்டாம் என்று சொன்ன சிப்பாய்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது ஆபிரகாம் லிங்கன்தான். தாடி, உயரமான தொப்பி, "அடிமைகளை விடுவித்தவர்". ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனா அந்தப் பதிலைப் படிச்சா, அடிமைகள் எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த மாதிரியும், லிங்கன் வந்து கதவைத் திறந்துவிட்ட மாதிரியும் தோணும். நடந்தது வேற.

நம்ம ஆட்களுக்குப் பிடிச்ச இடத்துல இருந்தே ஆரம்பிக்கலாம், ஒரு மெஷின்ல இருந்து. 1793-ல் எலி விட்னி என்பவர், பஞ்சில் இருந்து பருத்திக்கொட்டையைப் பிரிக்கிற காட்டன் ஜின்னை உருவாக்கினார். கையால் பிரிச்சா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 பவுண்டு பஞ்சுதான் தேறும். ஜின்னில் சுமார் 50 பவுண்டு. மெஷின் வந்தா ஆள் தேவை குறையணும் இல்லையா? இங்கே தலைகீழா நடந்தது. பஞ்சு பிரிக்கிறதுதான் பாட்டில்நெக்கா இருந்தது. அது உடைஞ்சதும் பருத்தி போட்ட அளவுக்கு லாபம். நிலத்தை உழவும் பருத்தியைப் பறிக்கவும் இன்னும் இன்னும் ஆள் தேவைப்பட்டாங்க. 1790-ல் சுமார் 7 லட்சமா இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-ல் கிட்டத்தட்ட 40 லட்சம். அம்மா ஒரு தோட்டத்துக்கு, பிள்ளை இன்னொரு மாநிலத்துக்கு என்று பிரிச்சு விற்பது அன்றாட வியாபாரம்.

1860 நவம்பரில் லிங்கன் ஜெயிச்சார். டிசம்பரில் தெற்கு கரோலினா நாட்டை விட்டுப் பிரிஞ்சது. 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை மேல் குண்டு போட்டுப் போரைத் தொடங்கினாங்க. கடைசியில் பிரிந்த மாநிலங்கள் மொத்தம் 11. "அது அடிமை முறைக்கான போர் இல்லை, மாநில உரிமைக்கான போர்"னு இன்னைக்கும் சிலர் சொல்வாங்க. பிரிந்தவங்க அப்படிச் சொல்லலை என்பதுதான் வேடிக்கை. மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினை அறிக்கையில், எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்தது என்று நேராவே எழுதியிருக்கு. அவங்க துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லை என்பதே எங்கள் புது அரசின் அடித்தளம் என்று மேடையில் பேசினார்.

அதுக்காக வடக்கு முழுக்க நல்லவங்கன்னு நினைச்சுக்காதீங்க. அடிமை முறை இருந்த 4 மாநிலங்கள் லிங்கன் பக்கமே நின்னன. ஆரம்பத்தில் அவர் சொன்ன இலக்கும் நாட்டை ஒண்ணா வைப்பது மட்டும்தான்.

அதை மாற்றியது யார்? 1861 மே மாதம், வர்ஜீனியாவில் ஃப்ராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூணு அடிமைகள். தென்படைக்குப் பீரங்கி அரண் கட்டும் வேலைக்கு அவங்களைப் போட்டிருந்தாங்க. ராத்திரி ஒரு படகை எடுத்து, துடுப்புப் போட்டு, வடபடை வச்சிருந்த மன்றோ கோட்டைக்கு வந்துட்டாங்க. மறுநாளே தென்படை அதிகாரி ஒருத்தர் வந்து, தப்பி ஓடிய அடிமையைத் திருப்பித் தரணும்னு சட்டம் இருக்கே, கொடுங்க என்றார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் வக்கீல். நீங்கதான் தனி நாடுன்னு சொல்லிட்டீங்களே, எங்க நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்னு கேட்டார். அதோட, இவங்களைச் சொத்துன்னு சொல்றீங்க, அந்தச் சொத்தைப் போருக்குப் பயன்படுத்துறீங்க, எதிரியின் போர்ச் சொத்தைப் பறிமுதல் பண்ண எனக்கு உரிமை உண்டு என்றார். மனுஷனைச் சொத்துன்னு ஒத்துக்கிட்டுத்தான் அந்த வாதம் நிக்குது, அது கசப்பு. ஆனா சேதி பரவினதும் சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தாங்க.

அடுத்த வருஷம் சார்லஸ்டன் துறைமுகத்தில் நடந்தது இன்னும் துணிச்சல். ராபர்ட் ஸ்மால்ஸ், வயசு 23, தென்படையின் பிளான்டர் என்ற நீராவிக் கப்பலை ஓட்டும் அடிமை. 1862 மே 13 விடியக்காலை, வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்கும்போது, கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கிட்டு, குடும்பத்தையும் மற்றவங்களையும் ஏற்றிக் கப்பலைக் கிளப்பினார். ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் சரியான விசில் சிக்னல் கொடுத்தார். சம்டர் கோட்டையைக் கடந்ததும் தென்படைக் கொடியை இறக்கி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, கப்பலை வடக்குக் கடற்படையிடம் ஒப்படைச்சார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான அவர், தன் பழைய எஜமானின் வீட்டையே விலைக்கு வாங்கினார்.

1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்துக்கு அப்புறம் கறுப்பர்களைப் படையில் சேர்ப்பது வேகமெடுத்தது. போர் முடியறதுக்குள்ள தரைப்படையில் மட்டும் சுமார் 1,79,000 பேர். இங்கேதான் சம்பளப் பிரச்சினை வருது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்காக 3 டாலர் பிடித்தம். கையில் 7. அதே துப்பாக்கி, அதே குண்டு.

மாசசூசெட்ஸ் 54-ஆவது படைப்பிரிவில் சேரும்போது சம ஊதியம்னு வாக்குக் கொடுத்திருந்தாங்க. 1863 ஜூலை 18, வாக்னர் கோட்டைத் தாக்குதலில் அந்தப் பிரிவின் சுமார் 600 பேரில் 270-க்கும் மேற்பட்டோர் செத்தாங்க, காயப்பட்டாங்க அல்லது பிடிபட்டாங்க. அதுக்கப்புறமும் அதே 7 டாலர்தான். அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? போரை நிறுத்தலை, சம்பளத்தை நிறுத்தினாங்க. வாங்க மாட்டோம்னுட்டாங்க. மீதியை நாங்க போட்டுத் தர்றோம்னு மாசசூசெட்ஸ் மாநில அரசே முன்வந்தது. அதையும் மறுத்தாங்க. ஊரில் மனைவி, பிள்ளைங்க பட்டினி. ஆனா மத்திய அரசு எங்களைக் குறைவா மதிச்சது மதிச்சதாவே இருக்கும், பணத்தை மட்டும் வேறொருத்தர் தருவாரா என்பது அவங்க கேள்வி. இந்தக் கேள்வியைப் புரிஞ்சுக்காம இந்தப் போரைப் புரிஞ்சுக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது.

ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பரல், நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்று கேட்டு லிங்கனுக்கே கடிதம் எழுதினார். 3-ஆவது தெற்கு கரோலினா பிரிவின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், சம ஊதியம் இல்லைன்னா வேலை இல்லைன்னு தன் ஆட்களோடு துப்பாக்கிகளைத் தளபதியின் கூடாரத்து முன்னாடி அடுக்கி வச்சார். கலகக் குற்றம் சாட்டி, 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றது வடபடையேதான்.

1864 ஜூனில் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கொக்கி. 1861 ஏப்ரல் 19-க்கு முன்பே சுதந்திர மனிதரா இருந்தவங்களுக்குத்தான் சேர்ந்த நாளில் இருந்து முழு பாக்கி. தப்பி வந்த அடிமைகளும் இருந்த 54-ஆவது பிரிவில் இதை எப்படிச் சமாளிக்கிறது? தளபதி எட்வர்ட் ஹாலோவெல் ஒரு உறுதிமொழி தயாரிச்சார். "அந்தத் தேதியில் நான் யாருக்கும் கூலியில்லா உழைப்பு கடன்பட்டிருக்கவில்லை" என்பது அதன் சாரம். அடிமையா இருந்தவரும் மனசாட்சியோட சொல்லலாம். கடன் எப்பவுமே இருந்ததில்லையே! ஒருத்தரை விலைக்கு வாங்கியவன் தன்னை முதலாளின்னு சொல்லிக்கலாம், கடவுள் முன்னாடி அது செல்லாது. ஒரே வாக்கியத்தில் மொத்த அடிமை முறையையும் செல்லாததாக்கிட்டாங்க.

சுமார் ஒன்றரை வருஷம் சம்பளம் இல்லாம சண்டை போட்ட பிறகு, அந்த இலையுதிர்காலத்தில் பாக்கி முழுசா வந்தது. குடிங் அதை வாங்க அங்கே இல்லை. பிப்ரவரியில் ஒலஸ்டீ சண்டையில் பிடிபட்டு, ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறையில் இறந்துபோயிருந்தார்.