மெக்கானிக் சொல்லும் வார்த்தைக்கு என்ன பொருள்?

நடவு வயல் தண்ணீருக்குக் காத்திருக்கும் வேளையில் ஆயில் என்ஜின் நின்றுவிட்டால் விவசாயிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பட்டறையிலிருந்து வரும் மெக்கானிக், "ஏர் பிடித்துவிட்டது", "கம்ப்ரஷன் இல்லை", "போர் தேய்ந்துவிட்டது" என்று ஏதேனும் ஒன்றைச் சொல்வார். அதன் பொருள் தெரியாவிட்டால் தேவையில்லாத வேலைக்கும் பணம் கொடுக்க நேரிடும். எனவே பம்புசெட் வைத்திருப்போர் இச்சொற்களை அறிந்திருப்பது நலம்.

ஏர் பிடித்தல்: இதற்கு இரண்டு பொருள் உண்டு. என்ஜின் ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால் காற்றுப் புகுந்திருப்பது பம்பில். உறிஞ்சு குழாயின் இணைப்புகளையும் புட்வால்வையும் பார்க்க வேண்டும். என்ஜினே கிளம்பவில்லையென்றால் டீசல் குழாயில் காற்று இருக்கலாம். டேங்கில் டீசல் அடியோடு தீர்ந்தாலும், நட்டு தளர்ந்தாலும் இவ்வாறு நேரும். காற்று அழுத்தத்தில் சுருங்கிவிடுவதால் நாசிலுக்குப் போதிய அழுத்தம் சேராது. முதலில் பில்டரிலும், பின்னர் பியூயல் பம்பிலும் உள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். இதற்குச் செலவில்லை.

கம்ப்ரஷன்: டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. நெருக்கம் குறைந்தால் என்ஜின் கிளம்பாது. டீசலை அடைத்துவிட்டு, கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நன்றாக எதிர்த்துத் தள்ள வேண்டும். கட்டை விரலை மற்ற விரல்கள் உள்ள பக்கமே வைத்துப் பிடியுங்கள். உதைத்தால் கைக்கு ஆபத்து. எதிர்ப்பு இல்லையென்றால் உடனே ரிங் மாற்றச் சொல்லாதீர்கள். டேப்பட் இடைவெளி சரியில்லாமல் வால்வு மூடாமலிருந்தாலும் இதே குறைதான் தோன்றும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

போர்: இது கிணற்று போர் அல்ல, பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளை. அது தேய்ந்தால் ஆயில் மேலேறி எரியும். நீலப் புகை வரும், ஆயில் மட்டம் விரைவில் இறங்கும். கரும்புகை மட்டும் வந்தால் போரைக் குறை கூற வேண்டாம். ஏர் பில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, அதிகச் சுமை ஆகியவற்றால் கரும்புகை வரும்.

சீஸ்: பிஸ்டன் லைனருடன் பிடித்துக்கொள்வது. ஆயில் வற்றினாலோ குளிர்விக்கும் தண்ணீர் நின்றாலோ இது நேரும். சூடான என்ஜின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஹெட் வெடித்துவிடும். தானாக ஆறவிடுங்கள். பெருஞ்செலவு வைக்கும் கோளாறு இதுதான். தினமும் ஓட்டுமுன் ஆயில் மட்டம் பார்த்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

என்ஜினைப் பிரிக்குமுன் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கோளாறு எந்தப் பாகத்தில்? அதற்கு அடையாளம் என்ன? பிரிக்காமலே பார்க்கக்கூடியவற்றைப் பார்த்தாகிவிட்டதா? மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.