வெடித்த குதிகாலுக்கு வீட்டுக் களிம்பு

மார்கழிப் பனியில் குதிகால் வெடிக்காதவர் நம்மில் எத்தனை பேர்? மனையியல் வகுப்பில் நாங்கள் செய்த முதல் களிம்பில் சில நாட்களிலேயே பூசணம் பூத்துவிட்டது! மணத்திற்காகச் சேர்த்த பன்னீர்தான் காரணம். நீர் இருக்குமிடத்தில் பூசணம் வளரும்; வெறும் எண்ணெயில் வளராது. ஆகவே மறுமுறை நீரை அறவே விலக்கினோம்.

தேங்காய் எண்ணெய் 100 கிராம், தேன்மெழுகு 25 கிராம். இரண்டையும் கிண்ணத்திலிட்டு, கொதிநீருள்ள பாத்திரத்தில் வைத்து உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும், கவனம்! எண்ணெய் மட்டும் போதாதா என்பீர்கள். அது சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடுமே! மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். அதுதான் எண்ணெயைக் கட்டிப் பிடிக்கிறது. உருகியதை ஈரமில்லாத புட்டியில் ஊற்றி ஆறவிடலாம்.

களிம்பு தோலுக்கு ஈரம் தருவதில்லை. இருக்கும் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. எனவே குளித்துத் துவட்டியவுடனே தடவுங்கள்.