மேரி கியூரியிடம் கற்க வேண்டிய தலைமைத்துவம்

பெண்கள் சேர்ந்து நடத்தும் தையல் நிலையங்களுக்கும் உணவு உற்பத்திக் குழுக்களுக்கும் கடமை நிமித்தம் சென்று வருகிறேன். "வேலை செய்யத் தெரியும் பிள்ளை, ஆக்களை வைச்சு வேலை வாங்கத்தான் தெரியாது" என்று அங்கு பலர் சொல்வார்கள். விளைவு? தலைவியே இரவிரவாக எல்லாவற்றையும் செய்து களைத்துப் போகிறார். மற்றவர்கள் மனம் நொந்து விலகுகிறார்கள்.

ஆட்களை வழிநடத்துவது பிறவிக் குணமல்ல. அது பழகிக் கொள்ளக் கூடியது. பாரிஸ் நகரில் மேரி கியூரி நடத்திய ஆய்வுகூடம் இதற்கு நல்ல உதாரணம்.

1903 இல் பௌதிகவியலுக்கும் 1911 இல் இரசாயனவியலுக்கும் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியாகவே அவரை நாம் அறிவோம். 1906 ஏப்ரலில் கணவர் பியர் வீதியில் குதிரை வண்டியில் அகப்பட்டு இறந்தபோது மேரிக்கு வயது 38. மூத்த மகளுக்கு 8 வயது. இளையவள் கைக்குழந்தை. அரசாங்கம் தர முன்வந்த உதவிப்பணத்தை மறுத்து, கணவர் வகித்த பதவியை ஏற்றார். சோர்போன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த முதற் பெண் அவரே. ஆய்வுகூடப் பொறுப்பும் அவரிடமே வந்தது.

தெரிந்ததைப் பழக்குதல்

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. காயப்பட்டவரின் உடலில் குண்டுச் சிதறல் எங்கே இருக்கிறது என்று பார்க்க எக்ஸ் கதிர்க் கருவி வேண்டும். மேரி அக்கருவிகளை வாகனங்களில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். 17 வயது மகள் ஐரீன் துணைக்கு நின்றார். ஆனால் இருவர் எத்தனை இடங்களுக்கு ஓடுவது? 1916 முதல் ஏறக்குறைய 150 பெண்களுக்கு மின்சாரம், உடற்கூறு, படம் கழுவுதல் ஆகியவற்றைப் பழக்கி அனுப்பினார். உடலில் எறிகணைச் சிதறலோடு வாழும் எம்மவருக்கு அந்தப் பணியின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

வேலை நுணுக்கத்தைத் தலைவி தனக்குள் பூட்டி வைத்தால், அவர் நோயில் விழும் நாளில் வேலையும் விழுந்துவிடும்.

திறமையை இனங்காணல்

1929 இல் மார்கரெட் பெரே என்ற யுவதி அங்கு உதவியாளராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இருக்கவில்லை. நுட்பமான சுத்திகரிப்பு வேலையை மேரி நம்பி ஒப்படைத்தார். அந்தப் பயிற்சியின் பயனாக 1939 இல் பெரே பிரான்சியம் என்ற புதிய மூலகத்தைக் கண்டுபிடித்தார். 1911 இல் மேரியை ஏற்க மறுத்த பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம், 1962 இல் பெரேயைத் தெரிவு செய்தது. அதற்குத் தெரிவான முதற் பெண் அவர்.

சான்றிதழைப் பார்ப்பதோடு நில்லாமல் கையின் வேலையையும் பாருங்கள்.

பொதுச் சொத்து

1921 இல் அமெரிக்கப் பெண்கள் ஒரு இலட்சம் டொலர் திரட்டி 1 கிராம் ரேடியம் வாங்கி அன்பளித்தனர். அது தன் சொந்தச் சொத்தாகிவிடக் கூடாது, ஆய்வுகூடத்துக்கே உரியதாக வேண்டும் என்று மேரி பத்திரத்தைத் திருத்துவித்தார். குழுவின் தையல் இயந்திரம் எவர் பெயரில் இருக்கிறது என்பதை நாமும் எழுத்தில் தெளிவாக்க வேண்டும்.

பாதுகாப்பு

ஒரு விடயத்தில் அந்த ஆய்வுகூடம் எமக்கு எச்சரிக்கையாகவும் இருக்கிறது. கதிர்வீச்சின் ஆபத்து அன்று முழுமையாக உணரப்படவில்லை. மேரி 1934 இல் இரத்த நோயாலும், பெரே 1975 இல் புற்றுநோயாலும் இறந்தனர். இன்று மிளகாய் அரைக்கும் பெண்ணுக்கு மூக்கு மறைப்பும், தைக்கும் பெண்ணுக்குப் போதிய வெளிச்சமும் வேண்டும். கேட்கும்வரை காத்திராமல் அவற்றைக் கொடுப்பது தலைவியின் கடமை.

சகோதரிகளே, உங்கள் குழுவின் கணக்குப் புத்தகத்தை எழுதத் தெரிந்தவர் ஒருவர் மட்டும்தானா? அப்படியானால், இந்த மாதமே இன்னொருவரைப் பக்கத்தில் இருத்திப் பழக்குங்கள்.