காயலான் கடையில் ஆக்ஸில் தேடுவோர்க்கு

மலையேறும் சக்கரங்கள் – 11

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமென்றால் போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் ஜீப் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து கால்நடையாகத்தான் ஏற முடியும். சூரியநெல்லிக்கு மேலே போகும் வழியைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். உருண்டைக் கற்களும் மழை அரித்த பள்ளங்களுமாகக் கிடக்கிறது. அதில் நாள்தோறும் ஆள் ஏற்றிப் போகிற மஹிந்திரா மேஜர், கமாண்டர்களின் அடியில் குனிந்து பார்த்தால், பெரும்பாலும் கம்பெனி போட்டு அனுப்பிய அதே ஆக்ஸில்தான் இருக்கும்.

நெல்லியாம்பதியில் கைகாட்டிக்கு அப்பால் எஸ்டேட் வழிகளில் ஓடுகிற ஜீப்களுக்கும் இதே கதைதான். தேவாரம், கோம்பை, கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேடு ஏறும் ஜீப்களுக்கும் அதுவேதான்.  

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பழைய ஜீப் ஒன்றை வாங்கி, காட்டுவழி ஓட்டத்துக்குத் தயார் செய்ய நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "மிலிட்டரி ஆக்ஸில் கிடைக்குமா அண்ணே?" என்றுதான். கனமான ஆக்ஸில் போட்டுவிட்டால் வண்டி உடையாது என்று ஒரு நம்பிக்கை. கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் எங்கே போடுவது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்துச் சிஜே3பி-யில் இருந்த ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். மூன்று கியர் பெட்டியின் முதல் கியர் 2.8, டிரான்ஸ்பர் கேஸின் லோ 2.46, ஆக்ஸிலின் கிரவுன் பினியன் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் விசை 37 மடங்காகிச் சக்கரங்களுக்குப் போகிறது. அதாவது 5,700 நியூட்டன் மீட்டருக்கு மேல்.

அவ்வளவும் ஆக்ஸிலை முறுக்குமா? முறுக்காது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள ஜீப், நல்ல பாறையில் நின்றாலும், பழைய அளவு டயரில் ஏறத்தாழ 4,200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும்போது நான்கு சக்கரமும் வழுக்கிச் சுற்றத் தொடங்கிவிடும். டயர் வழுக்குவதுதான் ஷாஃப்டுக்குக் காவல். 33 இஞ்ச் டயர் மாட்டினால் ஆரம் கூடுகிறது. வழுக்கும் எல்லை 4,900-க்கு நகர்கிறது. கூடுதல் பாரம் ஷாஃப்டின் தலையில்தான் விழும். டிஃப் லாக்கும் போட்டால் காவல் இன்னும் தளர்கிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் காற்றில் சுற்றினால் மறுபக்க ஷாஃப்டுக்கும் விசை போகாது. வண்டி நின்றுவிடும், ஆனால் எதுவும் உடையாது. லாக் போட்ட ஆக்ஸிலில், பிடி கிடைத்த ஒற்றைச் சக்கரத்தின் ஷாஃப்டே அத்தனையையும் வாங்கும். ஷாஃப்ட் முறிகிற சத்தம் கேட்பது அப்போதுதான்.

ஆக, பெரிய டயரும் லாக்கும் போடப் போகிறவருக்குத்தான் கனமான ஆக்ஸில் தேவை. பழைய அளவு டயரோடு நெல்லியாம்பதிக்கும் ராமக்கல்மேட்டுக்கும் போய் வருகிறவருக்கு அது வீண் எடை. அந்த எடையும் கமான் பட்டைக்குக் கீழே தொங்குகிற எடை. ஒவ்வொரு கல்லிலும் தூக்கிப் போடும்.

பழைய ஜீப்பின் பின் ஆக்ஸில் ஒன்றும் இளைத்ததில்லை. டானா 44 என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய வகை அது. கிரவுன் வீலின் குறுக்களவு 8.5 இஞ்ச். அமெரிக்காவில் இதே ஆக்ஸிலைத் தேடிப் பிடித்துத் தங்கள் ஜீப்களுக்குப் பொருத்திக்கொள்வார்கள். நம் ஊரில் பிறவியிலேயே வந்ததால் மதிப்புத் தெரியவில்லை. அதில் ஒரு பலவீனம் மட்டும் உண்டு. பழைய வகையில் ஷாஃப்டின் முனை கூம்பாக இருக்கும். ஹப்பை அதில் ஏற்றி, சாவிக்கட்டை வைத்து, நடுவில் பெரிய நட்டால் முடுக்கியிருப்பார்கள். நட்டு தளர்ந்தால் சாவி வெட்டுப்படும், ஷாஃப்ட் தனியாகச் சுற்றும், சக்கரம் நிற்கும். பிந்தைய வகையில் ஷாஃப்டும் ஃபிளாஞ்சும் ஒரே துண்டு. கடையில் இரண்டும் கிடந்தால் பிந்தையதை எடுங்கள்.

சிறு லாரிகளில் இருப்பது இன்னொரு வகை, ஃபுல் ஃப்ளோட்டிங். ஹப்பின் நடுவில் புடைத்த மூடியும் அதைச் சுற்றி வட்டமாகப் போல்ட்டுகளும் தெரியும். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவினாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். ஷாஃப்ட் முறிந்தாலும் உருட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் இரட்டைச் சக்கரத்துக்காகச் செய்த ஹப், ஜீப் ரிம்முக்கு ஒத்துவராது. லேத்தில் வெட்டி, ஒட்டி, குறுக்கி, அதற்குப் பிறகு ஹவுசிங் நேராக இருந்தால் அது பட்டறைக்காரரின் கைராசி. குறைந்த பணத்தில் இதில் இறங்காதீர்கள்.

"மிலிட்டரி சாமான் சார்" என்று கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் ஜோங்கா ஆக்ஸிலாக இருக்கும். நிஸான் பேட்ரோல் வண்டியின் உரிமம் பெற்று ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை ராணுவத்துக்காகச் செய்த வண்டி ஜோங்கா. நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த பெட்ரோல் எஞ்சினைத் தாங்கியதால் ஆக்ஸில் உறுதியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஜீப் ஆக்ஸிலுக்கு ஆயில் சீலும் பேரிங்கும் போடியிலோ நெடுங்கண்டத்திலோ கொல்லங்கோட்டிலோ விசாரித்தால் கிடைக்கும். ஜோங்காவின் ஒரு கிரவுன் பினியனுக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். பட்ஜெட் என்பது வாங்கும் விலை மட்டும் அல்ல. சாந்தன்பாறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் உடைந்தால் திங்கட்கிழமை எத்தனை மணிக்கு ஓடும் என்பதும் அதில் அடங்கும்.

இனி கடைக்குள் போவோம். முதல் விதி: முன்னும் பின்னும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியாக வாங்க வேண்டும். வில்லிஸ் வம்சத்தில் 5.38, 4.88, 4.27 என்று வெவ்வேறு விகிதங்கள் உண்டு; வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஹவுசிங்கும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னால் 4.88, பின்னால் 5.38 என்று மாட்டிவிட்டு ஃபோர் வீல் போட்டால், இரண்டு ஆக்ஸிலும் பத்து சதவீத வேக வித்தியாசத்தில் ஒன்றையொன்று இழுக்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தாரில் டிரான்ஸ்பர் கேஸ் பல்லைக் கொடுக்கும்.

விகிதத்தைக் கண்டுபிடிக்க எதையும் பிரிக்கத் தேவையில்லை. ஒருபக்க ஹப்பை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், ஃபிளாஞ்ச் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுதான் விகிதம். ஐந்தே காலுக்குச் சற்று மேலே என்றால் 5.38; ஐந்தைத் தொடாமல் நின்றால் 4.88. நான்கே கால் என்றால் 4.27. பெட்டியைத் திறக்க விட்டால் பல்லை எண்ணிவிடலாம்: 43-க்கு 8, 39-க்கு 8, 47-க்கு 11.

டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வில்லிஸ் வழி வந்த டிரான்ஸ்பர் கேஸில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வலப்பக்கமாக வெளியே வரும். ஆக்ஸிலின் பெட்டியும் அதே பக்கம் இருக்க வேண்டும். 2010-இல் வந்த தார் சிஆர்டிஇ-யின் முன்பக்கச் சாமானைச் சிலர் மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்பவை. கமான் பட்டை ஜீப்புக்கு உதவாது.

பிறகு கண்ணும் கையும். வடிகால் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பாலூற்றிய காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மலையில் இது அதிகம். ஏற்றம் ஏறிச் சூடான ஹவுசிங் ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கடையில் கிடந்திருந்தால் பேரிங்கில் துருப்புள்ளி விழுந்திருக்கும். ஷாஃப்டை உருவி ஸ்ப்ளைன் வரிகளைப் பாருங்கள். நேர்க்கோடாக ஓட வேண்டிய வரி சற்றே முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே பாதி செத்தது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கிரவுன் பல்லில் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியது என்று பொருள். ஹவுசிங்கின் இரு முனைக்கும் நூல் கட்டிப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். புதுப் பெயின்ட் அடித்த ஹவுசிங்கில் வெல்டிங் தழும்பை விரலால் தடவித் தேடுங்கள். அடித்துக் காட்டும் பெயின்ட்டுக்குக் காரணம் இருக்கும். முன் ஆக்ஸிலில் நக்கிள் உருண்டையின் மேல் துருக்குழி இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். கிங்பின்னில் ஆட்டம் இருந்தால் அதற்கான பேரிங் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

சரக்கு வரும் வழியும் மாறிவிட்டது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ வாங்கினாலும் பில் கேளுங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லை தாண்டினதும் கேரள மோட்டார் வாகனத் துறை ஜீப்களைக் கூர்ந்து பார்க்கும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அது. அதே ஆண்டு திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த ஆக்ஸிலுக்குப் பதில் அதே வகை ஆக்ஸில் போடுவது பழுதுபார்ப்பு. அகலமான ஆக்ஸிலைப் போட்டு டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது மாற்றம், தூரத்திலிருந்தே தெரியும் மாற்றம். தனியார் எஸ்டேட்டுக்குள்தானே ஓட்டுகிறோம் என்ற சமாதானமும் எப்போதும் கைகொடுக்காது. 2022 மே மாதம் வாகமண் அருகே எஸ்டேட்டில் நடந்த ஓட்டத்தில் கலந்துகொண்ட மலையாள நடிகர் ஒருவருக்கும் மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பியது.

என் முடிவு இது. பணம் குறைவு என்றால் உங்கள் ஜீப்புக்குப் பிறந்த வகையிலேயே, ஒரே வண்டியில் கழற்றிய, வளையாத ஒரு ஜோடியை வாங்குங்கள். எல்லாப் பேரிங்கும் எல்லாச் சீலும் புதிதாகப் போடுங்கள். பிரீதர் குழாயைச் சிறு ரப்பர் டியூப்பில் நீட்டி எஞ்சின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். நூறு இருநூறு ரூபாய் வேலை, ஓடைத் தண்ணீர் உள்ளே போகாது. மிச்சப் பணத்தில் ஒரு ஸ்பேர் ஷாஃப்ட் வாங்கிச் சீட்டுக்கு அடியில் கட்டி வையுங்கள். லாக்கும் பெரிய டயரும் வேண்டும் என்று மனம் கேட்டால், கம்பெனியே இரண்டு ஆக்ஸிலிலும் லாக் போட்டு விற்ற ஃபோர்ஸ் கூர்க்காவைப் பழைய வண்டியாகத் தேடுவது, மொத்தக் கணக்கில் மலிவாக முடியும்.

அடுத்த வாரம் கமான் பட்டை. அதற்குள் ஜூன் மழை பிடித்துக்கொள்ளும். இப்போதே உங்கள் ஜீப்பின் இரண்டு ஆக்ஸில் ஆயிலையும் திறந்து நிறம் பார்த்துவிடுங்கள்.